உங்களுக்குத் தெரியுமா? சிவப்புத் துணிக்குள் ஓர் ஊர்

தாலுகா அலுவலகத்தில் பதிவறை என்று ஒன்று உண்டு. கதவைத் திறந்ததும் ஆளை வரவேற்பது வாசனைதான்: பழைய தாள், பூச்சி மருந்து, எலி மூன்றும் கலந்தது. அலமாரி நிறையச் சிவப்புத் துணியில் கட்டிய மூட்டைகள். ஒவ்வொரு மூட்டைக்குள்ளும் ஓர் ஊர் மடங்கிக் கிடக்கிறது. அவற்றை ஸ்கேன் செய்து கணினியில் ஏற்றும் வேலை நாடெங்கும் நடந்துகொண்டிருக்கிறது. ஏற்றிவிட்டு மூட்டையை என்ன செய்வது என்ற கேள்வியும் கூடவே வருகிறது. அதற்கு முன் அந்த மூட்டைகளின் பூர்வீகத்தைக் கொஞ்சம் புரட்டலாம்.

● தஞ்சைக் கல்வெட்டுகளை வைத்து ஓர் எண்ணை மேடைகளில் அடிக்கடி முழங்குவார்கள். ஒரு வேலி நிலத்தில் 5,242 கோடியே 88 லட்சத்தில் ஒரு பங்கு வரைக்கும் ராஜராஜன் அளந்து வரி போட்டான் என்று. ஒரு வேலி என்பது ஏறக்குறைய 6.6 ஏக்கர். வகுத்துப் பாருங்கள், அரைச் சதுர மில்லிமீட்டர் வரும். ஒரு கடுகு உட்காரக்கூட அந்த இடம் போதாது. எந்தக் கோலாலும் அதை அளக்க முடியாது. அது வயலில் அளந்த அளவு அல்ல, கணக்கில் வகுத்து வந்த மிச்சம். பழைய கணக்கில் முந்திரி என்றால் 320இல் ஒன்று. முன்னால் ‘கீழ்’ போட்டால் மறுபடியும் 320ஆல் வகுக்க வேண்டும். 320ஐ நான்கு தடவை பெருக்கி, வந்ததை ஐந்தால் பெருக்கினால் மேலே சொன்ன எண் அப்படியே கிடைக்கும். கோல் பிடித்தவனைவிட, இவ்வளவு சின்ன மிச்சத்தையும் ‘போகட்டும்’ என்று விடாத கணக்கனைத்தான் நான் கும்பிடுவேன்.

● அளந்த கோல் எது? சண்டை வந்தால் யாரிடம் கேட்பது? கோயில் சுவரிடம். நிலம் அளக்கும் கோலின் நீளத்தைப் பல கோயில்களின் சுவரிலும் அடித்தளத்திலும் இரு முனைக் குறி போட்டு வெட்டி வைத்திருக்கிறார்கள். மூங்கில் கோல் தேயும், முறியும், திருடு போகும். சுவரில் உள்ள கோல் எங்கும் போகாது. அசல் ஓரிடத்தில் அசையாமல் இருக்க, நகல் ஊரெல்லாம் சுற்றுவது என்ற ஏற்பாடு அப்போதே இருந்திருக்கிறது.

● சோழர் காலத்தில் ஒரு கிராமத்தைத் தானமாகக் கொடுத்தால் அரசன் வாய்மொழியோடு வேலை முடிந்துவிடாது. நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரத்துக்கு ஆனைமங்கலத்தைக் கொடுத்த செய்தியைச் சொல்லும் செப்பேட்டுத் தொகுதி ஒன்று உண்டு. நெதர்லாந்தின் லைடன் பல்கலைக்கழகம் போய்ச் சேர்ந்ததால் லைடன் செப்பேடு என்றே பெயராகிவிட்டது. அரசன் சொன்னதை ஓலையில் எழுதியவர், அதைச் சரிபார்த்தவர்கள், புரவுவரித் திணைக்களத்தார், வரிப்பொத்தகம் வைத்திருப்பவர், முகவெட்டி, பட்டோலை எழுதுபவர் என்று ஒரு பெரிய வரிசையே இந்த மாதிரி சாசனங்களில் வரும். கடைசியில் ‘வரியிலிட’ வேண்டும், அதாவது வரிக் கணக்கில் ஏற்ற வேண்டும். இன்று பட்டா மாறுதல் என்கிறோமே, கிட்டத்தட்ட அதுதான். கோப்பு எந்த மேசையிலிருந்து எந்த மேசைக்குப் போனது என்பதைப் பெயரோடு செம்பில் வெட்டி வைத்தவர்கள் அவர்கள். இன்று நம் மனு எந்த மேசையில் கிடக்கிறது என்று தெரிந்துகொள்ள நாலு தடவை நடக்க வேண்டியிருக்கிறது.

● அந்தக் காலத்து எல்லை அளவையில் ஓர் அதிகாரி பெண் யானை. பிடியை நடக்க விட்டு அது சுற்றி வந்த வழியில் கல்லும் கள்ளியும் நட்டு எல்லை குறித்தார்கள்.

● முதலாம் குலோத்துங்கன் 1086ஆம் ஆண்டு வாக்கில் சோழ நாட்டை மறுபடி அளக்க வைத்தான். அதே 1086இல் இங்கிலாந்தில் வெற்றியாளர் வில்லியம் ஊர் ஊராக நிலத்தையும் ஏரையும் எண்ணி எழுத வைத்தான். டூம்ஸ்டே புத்தகம் என்று அதற்குப் பெயர். ஒருவரை ஒருவர் அறியாத இரு மன்னர்களுக்கு ஒரே நேரத்தில் ஒரே கவலை!

வேடிக்கை இனிமேல்தான். அந்தப் புத்தகத்தின் 900ஆம் ஆண்டை ஒட்டி, 1986இல் பிபிசி ஒரு புதிய டூம்ஸ்டே தயாரித்தது. பத்து லட்சத்துக்கும் அதிகமான பேர், பெரும்பாலும் பள்ளிப் பிள்ளைகள், தங்கள் ஊரைப் பற்றி எழுதியும் படம் எடுத்தும் அனுப்பினார்கள். எல்லாவற்றையும் அன்றைய புதுமையான லேசர் வட்டில் ஏற்றினார்கள். பதினைந்து வருடத்துக்குள் அந்த வட்டைப் படிக்கும் கருவி அருகிவிட்டது. உள்ளே இருந்ததை மீட்க ஆராய்ச்சியாளர்கள் தனித் திட்டம் போட்டு வேலை செய்ய வேண்டி வந்தது. ஆட்டுத் தோலில் எழுதிய 1086இன் புத்தகத்தை லண்டனில் இன்றும் கண்ணால் படிக்கலாம். அதற்கு மின்சாரம்கூட வேண்டாம்.

● யாழ்ப்பாணத்துப் பெரியவர்கள் வாயில் ‘தோம்பு’ என்ற சொல் வரும். நிலப் பதிவேடு என்று பொருள். போர்ச்சுக்கீசியர் விட்டுப்போன சொல் இது. காணி யாருடையது, எவ்வளவு, என்ன வரி என்று அவர்கள் எழுதத் தொடங்கியதைப் பின்னால் வந்த ஒல்லாந்தர் இன்னும் விரிவாக எழுதினார்கள். நிலத்துக்கு ஒன்று, குடும்பத்தின் தலைகளுக்கு ஒன்று என இரண்டு தோம்பு. ஒல்லாந்தர் காலத் தோம்புகள் இலங்கைத் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. வழக்குக்குப் போனவர்களைவிட, கொள்ளுத்தாத்தாவைத் தேடிப் போகிறவர்களுக்கு இன்று அவை அதிகம் பயன்படுகின்றன.

இதே சொல்தான் லிஸ்பன் நகரத்து அரசு ஆவணக் காப்பகத்தின் பெயரிலும் இருக்கிறது: டோரி டோ டோம்போ, தோம்புக் கோபுரம். 1755இல் வந்த பெரிய நிலநடுக்கத்தில் அந்தக் கோபுரம் இடிந்தது. ஆவணங்களை இடிபாட்டிலிருந்து எடுத்துக் காப்பாற்றினார்கள். கோபுரம் போன பிறகும் பெயர் போகவில்லை.

● பத்திரம் எழுதுகிறவரை யாழ்ப்பாணத்தில் நொத்தாரிசு என்பார்கள், அது ஒல்லாந்தர் சொல். பத்திரத்தை ‘உறுதி’ என்பார்கள், அது நம் சொல். இந்தப் பக்கம் வந்தால் தாலுகா, தாசில்தார், பசலி, ஜமாபந்தி, கிஸ்தி எல்லாம் அரபும் பாரசீகமும் வழியாக வந்தவை. கர்ணம் வடமொழி. சர்வேயும் செட்டில்மெண்ட்டும் ஆங்கிலம். அடங்கல் மட்டும் அசையாமல் தமிழாகவே அடங்கிக் கிடக்கிறது. நம்மை ஆண்டவர்களின் பட்டியல் வேண்டும் என்றால் வரலாற்றுப் புத்தகம் தேவையில்லை, தாலுகா அலுவலகத்துச் சொற்களே போதும்.

● பசலி என்பது அக்பர் காலத்து ஏற்பாடு. பிறையை வைத்து ஓடும் ஹிஜ்ரி ஆண்டு அறுவடையோடு ஒத்துப் போகாததால், விளைச்சலுக்கென்று தனி ஆண்டு வகுத்தார்கள். தமிழ்நாட்டில் பசலி ஜூலை 1இல் பிறந்து ஜூன் 30இல் முடிகிறது. ஜூலைக்கு மேல் என்றால் ஆங்கில ஆண்டில் 590ஐக் கழியுங்கள், அதற்கு முன் என்றால் 591. 2024 ஜூலையில் தொடங்கியது பசலி 1434. தாத்தாவின் கிஸ்தி ரசீதில் ‘1367’ என்று பார்த்துவிட்டுப் பாண்டியர் காலத்துச் சொத்து என்று நினைத்துவிட வேண்டாம். அது 1957க்கும் 1958க்கும் இடைப்பட்ட ஆண்டு.

● சர்வே எண் வருவதற்கு முன்பே ஊர் ஊராகக் கணக்கு எடுத்த வேலை ஒன்று நடந்தது. 1767 முதல் 1774 வரை செங்கல்பட்டுச் சீமையில் தாமஸ் பர்னார்ட் நடத்தியது. ஏறத்தாழ 2,000 ஊர்கள். மூலக் கணக்கு தமிழில், ஓலையில். அந்த ஓலைகளில் ஒரு பகுதி தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் பாதுகாக்கப்படுகிறது. எந்த ஏரிக்கு எவ்வளவு மானியம், ஊர்த் தச்சனுக்கு எத்தனை படி என்பதுவரை இந்த மாதிரிக் கணக்குகளில் கிடைக்கும்.

● கிண்டி பொறியியல் கல்லூரி கட்டடம் கட்டச் சொல்லிக்கொடுக்கப் பிறந்தது அல்ல, நிலம் அளக்கப் பிறந்தது. 1794இல் சென்னைக் கோட்டைக்கு அருகே தொடங்கிய சர்வே பள்ளிதான் அதன் தாய். மாணவர்கள் எட்டுப் பேர்.

● புலப்படம் பார்த்திருக்கிறீர்களா? ஒவ்வொரு சர்வே எண்ணுக்கும் ஒரு படம், அதன் குறுக்கே ஒரு நேர்கோடு. சர்வேயர்கள் ‘ஜி லைன்’ என்பார்கள். அந்தக் கோட்டிலிருந்து பக்கவாட்டில் ஒவ்வொரு வளைவுக்கும் அளவு எழுதியிருக்கும். மொத்த வயலும் முக்கோணங்களாகப் பிரிந்து நிற்கும். பழைய படங்களில் இந்த அளவு சங்கிலியிலும் லிங்கிலும் இருக்கும். சங்கிலி 66 அடி, அதில் 100 லிங்க். பத்துச் சதுரச் சங்கிலி சேர்ந்தால் ஒரு ஏக்கர்.

இதில் ஒரு நுட்பம் உண்டு. தாள் சுருங்கினாலும் கோணினாலும் படம் கெடும், எண் கெடாது. அதனால்தான் இந்தப் படங்களை வெறும் ஸ்கேனாக விட்டுவிடாமல், எண்களைக் கணினிக்குக் கொடுத்து மறுபடி வரைய வைக்கிறார்கள். தேசிய தகவலியல் மையம் உருவாக்கிய கொலாப்லேண்ட் மென்பொருள் இந்த வேலைக்கு. ஒரு எண்ணைத் தப்பாக அடித்தால் கோடுகள் ஒன்றோடொன்று சேராமல் வாயைப் பிளந்து காட்டிக்கொடுக்கும். ஆனால், மங்கிப்போன 3ஐ 8 என்று படிக்கிறவரும் ஆள்தானே? சேருகிற மாதிரியே தப்பு வந்தால்? அப்போது தாளைத்தான் எடுக்க வேண்டும்.

● ‘0.40.50’ என்று பட்டாவில் பார்த்துவிட்டு, ‘ஐயோ, நாற்பதரை சென்ட்தானா, மீதி எங்கே?’ என்று தலையில் கைவைத்தவர்களை எனக்குத் தெரியும். பதற வேண்டாம். அது ஹெக்டேர், ஏர் கணக்கு. ஒரு ஏர் ஏறக்குறைய 2.47 சென்ட். 40.5 ஏர் என்றால் முழு ஒரு ஏக்கர்.

● 1980 நவம்பரில் எம்.ஜி.ஆர். அரசு ஒரே அவசரச் சட்டத்தில் பரம்பரை மணியம், கர்ணம் பதவிகளை ஒழித்தது. கிராம நிர்வாக அலுவலர் என்ற பதவி வந்தது அதன் பிறகுதான். சாதியும் பரம்பரையும் வைத்துக் கணக்கெழுதும் அதிகாரம் ஒரு வீட்டுக்குள்ளேயே கிடந்தது போனதில் யாருக்கும் வருத்தம் இருக்க வேண்டியதில்லை. ஆனால், அதுவரை ஊர்க் கணக்கு பெரும்பாலும் கர்ணத்தின் வீட்டிலேயே இருந்தது. திண்ணைதான் அலுவலகம், பரண்தான் பதிவறை. எந்தக் கட்டில் எது இருக்கிறது என்பது அவர் தலைக்குள் இருந்தது. கட்டுகள் கைமாறின, தலை கைமாறவில்லை. ஆவணக் காப்பகத்துக்காரர்கள் சொல்கிற ‘அட்டவணை’ என்ற சொல்லின் அருமை அப்போதுதான் தெரியும். எங்கே இருக்கிறது என்று தெரியாத தாள் இல்லாத தாள்தான்.

● அலுவலகத்தில் எல்லாத் தாளுக்கும் ஆயுள் எழுதியிருக்கிறது. கோப்பை முடிக்கும்போதே ஒரு குறி போடுவார்கள். ‘எல்.டிஸ்’ என்றால் ஓராண்டு. ‘கே.டிஸ்’ மூன்றாண்டு, தமிழில் ‘மூ.மு.’. ‘டி.டிஸ்’ பத்தாண்டு, ‘ப.மு.’. ‘ஆர்.டிஸ்’ என்றால் மட்டுமே நிரந்தரம். உங்களுக்கு வந்த அரசுக் கடிதத்தின் தலையில் இந்தக் குறி இருக்கிறதா என்று பாருங்கள். பத்தாண்டுக் குறி போட்ட கோப்பை இருபது வருடம் கழித்துக் கேட்டு, ‘அழித்தாகிவிட்டது’ என்ற பதில் வந்தால் அதில் சூழ்ச்சி எதுவும் இல்லை, விதி அப்படி. குறி போட்ட குமாஸ்தாவுக்கு அன்று அவசரமா, தூக்கமா என்பதைப் பொறுத்தது ஒரு குடும்பத்தின் வழக்கு.

● எழும்பூர் ஆவணக் காப்பகம் 1909இல் சென்னை ஆவண அலுவலகமாகத் திறந்தது. 1973இல்தான் தமிழ்நாடு ஆவணக் காப்பகம் என்ற பெயர். அங்கே மாவட்டங்களிலிருந்து ஆட்கள் தேடி வரும் ஆவணங்களில் ஒன்று, 1860களில் இனாம் ஆணையம் எழுதிய பதிவேடு. எந்த நிலம் எந்தக் கோயிலுக்கு, எந்தச் சத்திரத்துக்கு, எந்த ஊழியத்துக்கு மானியம் என்று அதில் இருக்கும். கோயில் நிலம் யாருடையது என்று நீதிமன்றத்தில் இன்று சண்டை வந்தாலும் அந்தப் பக்கத்தின் சான்றிட்ட நகலைக் கொண்டுவா என்பார்கள். அறநிலையத் துறையின் கோயில்களுக்குச் சுமார் 4.78 லட்சம் ஏக்கர் நிலம் இருக்கிறது. அந்த விவரங்களை வருவாய்த் துறைக் கணக்கோடு ஒத்துப்பார்த்து, 2021இல் இணையத்தில் ஏற்றத் தொடங்கினார்கள்.

● இனி ‘யு.டி.ஆர்.’ கொஞ்சம் நின்று பேச வேண்டிய இடம் இது.

1979 முதல் 1987 வரை தமிழ்நாடு முழுக்க நிலவுடைமைப் பதிவேடுகளை மேம்படுத்தும் திட்டம் நடந்தது. அப்போது நிலத்தை யார் பெயரில் எழுதினார்களோ அதுதான் பின்னால் கணினியில் ஏறியது. நாம் இன்று கைப்பேசியில் பார்க்கும் பட்டாவின் தாய்ப் பதிவேடு இதுதான். நல்ல நோக்கம், பெரிய வேலை. ஆனால், ஊரில் இல்லாதவர் பெயர் விட்டுப்போனது, அண்ணன் பெயர் மட்டும் ஏறித் தங்கையின் பெயர் நின்றுபோனது, பக்கத்து வயல்காரர் பெயர் தாவி உட்கார்ந்தது என்று பிழைகளும் ஏறின. ‘யு.டி.ஆர்ல தப்பா ஏறிடுச்சுங்க’ என்ற வாக்கியத்தைக் கேட்காமல் எந்தக் கோட்டாட்சியர் அலுவலகத்திலும் ஒரு நாள் கழியாது.

அந்தப் பிழையை எதை வைத்துத் திருத்துகிறார்கள்? கணினியை வைத்து முடியாது, ஏனென்றால் பிழையே அதற்குள்தான் இருக்கிறது. யு.டி.ஆருக்கு முந்திய ‘அ’ பதிவேடு, செட்டில்மெண்ட் பதிவேடு, பழைய பத்திரம் மூன்றையும்தான் கேட்பார்கள். அதாவது, சிவப்புத் துணி மூட்டையைத்தான்.

● இன்னும் ஒரு படி உள்ளே போனால் பஞ்சமி நிலம் வருகிறது. 1891இல் செங்கல்பட்டு ஆட்சியர் டிரமென்ஹீர், ஒடுக்கப்பட்ட மக்களின் நிலையைப் பற்றி ஓர் அறிக்கை எழுதினார். கையில் ஒரு துண்டு நிலம் இல்லாமல் இவர்களுக்கு விடிவில்லை என்பதுதான் அதன் சாரம். அதன் தொடர்ச்சியாக 1892 செப்டம்பர் 30இல் அவர்களுக்கு நிலம் கொடுக்க அரசாணை வந்தது. இப்படிக் கொடுத்த நிலத்தைப் பத்து வருடம் யாருக்கும் விற்கக் கூடாது, அதன் பிறகும் அதே மக்களுக்குள்தான் விற்கலாம் என்று நிபந்தனை. சென்னை மாகாணம் முழுக்க 12 லட்சம் ஏக்கர் இப்படிப் போனது என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு.

இந்த நிபந்தனை எங்கே எழுதியிருக்கிறது? பழைய பதிவேட்டின் கடைசிக் கட்டத்தில், ‘குறிப்பு’ என்ற தலைப்பின் கீழ், ‘டி.சி.’ (ஒடுக்கப்பட்ட வகுப்பு என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்று இரண்டு எழுத்தாக. பதிவேட்டை மறுபடி எழுதும்போது பெயரையும் பரப்பையும் தீர்வையையும் எழுதிவிட்டுக் குறிப்புக் கட்டத்தைக் காலியாக விட்டால், அந்த இரண்டு எழுத்தோடு சேர்ந்து ஒரு சமூகத்தின் நிலமும் காணாமல் போகும். 1994 அக்டோபரில் செங்கல்பட்டை அடுத்த காரணையில் பஞ்சமி நிலத்தை மீட்கப் போராடியவர்கள்மீது போலீஸ் சுட்டதில் ஜான் தாமஸ், ஏழுமலை என்ற இருவர் உயிர் போனது. குறிப்புக் கட்டத்தின் விலை அவ்வளவு.

ஆகவே, பழைய ஆவணத்தை மின்னாக்கம் செய்கிறோம் என்று யாராவது சொன்னால் நான் கேட்கும் முதல் கேள்வி இதுதான்: முழுப் பக்கத்தையும் படம் எடுக்கிறீர்களா, இல்லை தேவைப்பட்ட நாலு கட்டத்தை மட்டும் தட்டச்சு செய்கிறீர்களா? ஓரத்தில் பென்சிலால் எழுதியது, பின்பக்கத்து முத்திரை, அடித்துத் திருத்திய இடத்தில் போட்ட சுருக்கொப்பம் எல்லாம் சேர்ந்ததுதான் ஆவணம். தட்டச்சு செய்தது தேட உதவும். சாட்சி சொல்லப் படம்தான் வேண்டும்.

● பட்டா வேறு, பத்திரம் வேறு. வருவாய்த் துறைப் பதிவு மட்டுமே உரிமைச் சான்று ஆகாது என்று உச்ச நீதிமன்றம் பல தீர்ப்புகளில் சொல்லிவிட்டது. பத்திரப் பதிவும், ‘இப்படி ஒரு பத்திரம் எழுதிக்கொண்டார்கள்’ என்பதைப் பதிவு செய்வதுதான், விற்றவர் உண்மையான சொந்தக்காரர் என்று அரசு தரும் உத்தரவாதம் அல்ல. அதனால்தான் நம் ஊரில் மூலப்பத்திரத்துக்கு அவ்வளவு மவுசு.

● சார்பதிவாளர் அலுவலகத்தில் 1908 சட்டப்படி நான்கு புத்தகம். வீடு, நிலம் எல்லாம் ஒன்றாம் புத்தகம். உயில் மூன்றாம் புத்தகம். பதிய மறுத்தால் ஏன் மறுத்தேன் என்று எழுதவும் ஒரு புத்தகம் உண்டு, அது இரண்டு. முன்பெல்லாம் உங்கள் பத்திரத்தை ஒருவர் உட்கார்ந்து கையால் ஒன்றாம் புத்தகத்தில் அப்படியே நகல் எழுதுவார். 2000வாக்கில் ‘ஸ்டார்’ திட்டத்தோடு கணினியும் ஸ்கேனரும் வந்தன. ஆள் பெயருக்கு ஓர் அட்டவணை, சொத்துக்கு ஓர் அட்டவணை. வில்லங்கச் சான்று என்று நாம் வாங்குவது இந்த இரண்டாவது அட்டவணையைப் புரட்டிப் பார்த்து எழுதியதுதான். பழைய ஆண்டுகளுக்கு ‘மேனுவல் ஈசி’ போடச் சொல்கிறார்களே, அது இன்னும் கையால் புரட்ட வேண்டிய காலம். ஒரு குறிப்பு: உங்கள் ஊர் முன்பு வேறு சார்பதிவகத்தின் கீழ் இருந்திருக்கலாம். ‘பதிவு எதுவும் இல்லை’ என்று தாள் வந்தால் சந்தோஷப்படுவதற்கு முன் அதை விசாரியுங்கள்.

● 1871 அக்டோபரில் சிகாகோ எரிந்தபோது நீதிமன்றக் கட்டடத்தோடு அந்தக் கவுண்டியின் அத்தனை நிலப் பத்திரப் பதிவும் சாம்பலானது. நகரத்தில் யாருக்கு எது சொந்தம் என்று சொல்ல அரசிடம் ஒரு தாள் இல்லை. காப்பாற்றியது யார்? நிலம் வாங்குவோருக்காகப் பத்திரங்களின் சுருக்கத்தை எழுதி விற்றுப் பிழைத்துக்கொண்டிருந்த மூன்று தனியார் நிறுவனங்கள். அவற்றில் ஒன்றைச் சேர்ந்த ஜான் ஷார்ட்டால் தீக்கு நடுவே ஒரு வண்டியைப் பிடித்துப் பேரேடுகளை ஏற்றிக்கொண்டு ஓடினார். மூன்று நிறுவனங்களின் மிச்சமும் சேர்ந்து கிட்டத்தட்ட முழுக் கணக்கானது. அடுத்த ஆண்டே ‘எரிந்த ஆவணங்கள் சட்டம்’ என்று ஒன்று போட்டு அவற்றைச் சாட்சியாக ஏற்றார்கள். நகல் அசலின் கட்டடத்திலேயே இருந்தால் அது நகல் இல்லை. கணினிக்கும் இதுதான் விதி.

● நனைந்த ஆவணத்தை என்ன செய்வது? வெயிலில் காயப் போடாதீர்கள். உறைய வையுங்கள்! 2004 சுனாமியில் இந்தோனேசியாவின் பண்டா ஆச்சே நகரத்து நிலப் பதிவு அலுவலகம் மூழ்கியது. சேறு படிந்த ஆவணங்களை டன் கணக்கில் எடுத்து, உறைய வைத்து, ஜகார்த்தாவுக்கு அனுப்பி, ஜப்பானின் உதவியோடு வெற்றிடத்தில் காய வைத்தார்கள். உறைந்த தாளில் பூஞ்சை வளராது, யோசிக்க நேரம் கிடைக்கும்.

● எங்கள் அத்தை ஒருமுறை 1950களின் பாகப்பிரிவினைப் பத்திரத்தை, ‘கிழியுதேப்பா’ என்று ஜெராக்ஸ் கடையில் கொடுத்து லேமினேஷன் போட்டு வந்துவிட்டார். பளபளவென்று இருந்தது. சூட்டில் உருகி ஒட்டிய பிளாஸ்டிக்கைப் பிறகு பிரிக்க முடியாது. உள்ளே தாள் பழுத்துக்கொண்டே இருக்கும், வைத்தியம் பார்க்க வழி இருக்காது. செல்லோ டேப்பும் அப்படியே: பத்து வருடத்தில் டேப் உதிரும், பழுப்புப் பசை தாளில் நிற்கும். காப்பகங்களில் மெல்லிய சிஃபான் துணியை மாவுப் பசையில் ஒட்டுகிறார்கள், அல்லது ஜப்பானிய மென்தாள். நனைத்தால் பிரிந்து வந்துவிடும் என்பதுதான் அதன் சிறப்பு. வீட்டில் நாம் செய்யக் கூடியது மடிக்காமல் வைப்பது. பத்திரம் முதலில் விடுவது மடிப்பில்தான். நாலாக மடித்தால் சரியாக நடுவில், சர்வே எண் இருக்கும் இடத்தில் ஓட்டை விழும்.

● ஓலைக்கு எலுமிச்சைப்புல் எண்ணெய். எழுத்து மங்கினால் விளக்குக் கரி. நொச்சியும் வசம்பும் பூச்சிக்கு. பாட்டி காலத்து வழக்கம்தான், சுவடி நூலகங்கள் அந்த எண்ணெயை இன்றும் விடவில்லை.

● பழைய பத்திரத்தில் ‘க’ என்று தனியாக நின்றால் அது எழுத்தா, ஒன்றா? ‘உ’ பிள்ளையார் சுழியா, இரண்டா? தமிழ் எண்களில் ஒன்று ககரம் போலவும், இரண்டு உகரம் போலவும், ஏழு எகரம் போலவும், எட்டு அகரம் போலவும் இருக்கும். படத்தை எழுத்தாக மாற்றும் மென்பொருள் இங்கே திணறாமல் என்ன செய்யும்? மா, காணி, முந்திரி என்ற பின்னங்களுக்கும் தனிக் குறி உண்டு. தஞ்சைப் பக்கம் மராட்டியர் கால ஆவணம் என்றால் மோடி எழுத்து வேறு. அதைப் படிக்கத் தெரிந்தவர்களின் எண்ணிக்கை குறைந்துகொண்டே வருகிறது. ஸ்கேனர் எத்தனை வேண்டுமானாலும் வாங்கலாம்.

● தாள் மட்டும்தான் செல்லரிக்கும் என்று இல்லை. வானவில் எழுத்துருவில் அடித்த பழைய கோப்பை இன்றைய கணினியில் திறந்து பார்த்தவர்களுக்குத் தெரியும், திரை முழுக்க ஐரோப்பியக் கிறுக்கலாக வரும். 1999இல் சென்னையில் நடந்த மாநாட்டில் டாம், டாப் குறியீடுகள் வந்தன. 2010இல் தமிழக அரசு யூனிகோடுக்கு மாறியது. பத்தே வருடத்தில் இரண்டு முறை எழுத்தின் உள்ளுடம்பு மாறியது. ஒவ்வொரு மாற்றத்தின்போதும் பழையதை மாற்றி எழுதியவர் தப்பித்தார், அலமாரியில் சிடியாக வைத்தவர் மாட்டினார்.

● கர்நாடகம் 2001 வாக்கில் ‘பூமி’ திட்டத்தில் சுமார் 2 கோடி நிலப் பதிவுகளைக் கணினியில் ஏற்றியது. அத்தோடு கையெழுத்துப் பிரதி செல்லாது என்றும் அறிவித்தது. மத்திய அரசின் நிலப் பதிவேடு நவீனமயத் திட்டம் 2008இல் வந்தது. இப்போது ஒவ்வொரு நிலத்துண்டுக்கும் 14 இலக்க எண் கொடுத்துவருகிறார்கள். நிலத்துக்கும் ஆதார்!

● கடைசியாக உங்களுக்கு ஒரு வேலை. வீட்டில் பீரோ மேலோ, டிரங்குப் பெட்டி அடியிலோ பழைய பத்திரம் இருக்கும். அதை எடுங்கள். தமிழக அரசின் இணையச் சேவைப் பக்கத்தில் உங்கள் பட்டாவையும் ‘அ’ பதிவேட்டையும் காசில்லாமல் பார்க்கலாம். பெயர், தந்தை பெயர், பரப்பு, சர்வே எண்ணின் உட்பிரிவு நான்கையும் விரல் வைத்து ஒத்துப் பாருங்கள். பரப்பை ஏரிலிருந்து சென்ட்டுக்கு மாற்ற மறக்காதீர்கள். பொருந்தவில்லை என்றால் மே, ஜூன் மாதங்களில் உங்கள் தாலுகாவில் ஜமாபந்தி நடக்கும், மனுவோடு போங்கள். பத்திரத்தின் நகலை எடுத்துக்கொண்டு போங்கள். அசலை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். லேமினேஷன் மட்டும் வேண்டவே வேண்டாம்.